என் சுக்கான்கல் அருங்காட்சியகம்

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் மூன்று சாக்கு நிறையக் கல் இருக்கிறது. அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தது அவற்றைத்தான். விவரம் தெரிந்த ஒருவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். சாக்கைத் தரையில் கவிழ்க்கச் சொல்லி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் புரட்டினார். "சுக்கான். சுக்கான். இதுவும் சுக்கான். இது செங்கல்." கடைசியில் ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற மாதிரி சில துண்டுகள் தேறின. அதிலும் பளபளவென்று ஒன்று இருந்தது. அது ராமேசுவரத்தில் வாங்கிய சோழி. பல்லாங்குழியிலிருந்து தவறிப்போய் வீட்டில் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த வகையில் அவர் வந்து போனதில் எங்களுக்கு லாபம்தான்.

சுக்கானைப் பற்றி ஒரு வார்த்தை. மண்ணில் ஊறும் தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு, வெயிலில் ஈரம் காயக் காய முடிச்சு முடிச்சாகத் திரண்டு நிற்பதுதான் சுக்கான்கல். கிணறு வெட்டினால் வரும், வரப்பு கழித்தால் வரும். அதற்கென்று ஒரு வடிவம் கிடையாது. அதனால் நாம் எதை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கிறோமோ, மரியாதையாக அந்த உருவத்தில் காட்சி கொடுக்கும். மீன் வேண்டுமென்றால் மீன், நண்டு வேண்டுமென்றால் நண்டு. என்னிடம் ஒரு முழு ஆமை இருந்தது. தலை, நான்கு கால், ஓடு எல்லாம் இருப்பதாக எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். அந்த மனிதர் அதைக் கையில் வாங்கவேயில்லை. எட்ட இருந்தே சொல்லிவிட்டார்.

நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். வி.ஏ.ஓ. வேலையில் பாதி நிலத்தைப் பார்ப்பது. மீதி, நிலத்தைப் பார்த்ததாக எழுதுவது. அடங்கலில் பயிர் இல்லாத புலத்துக்கு நேரே 'தரிசு' என்று போடுவோம். 'அ' பதிவேட்டில் சில சர்வே எண்களுக்கு எதிரே 'கல்லாங்குத்து' என்று முன்னோர்கள் எழுதி வைத்திருப்பார்கள். நாமும் அதையே காப்பாற்றி வருவோம். அப்படி நான் பசலிக்குப் பசலி தரிசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட நிலங்களில் சில, பத்து கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் தரை. வண்டியை நிறுத்திவிட்டு அதன்மேல் நடந்து போய், அளவுச் சங்கிலி பிடித்து, எல்லைக்கல் காணவில்லை என்று அறிக்கையும் எழுதியிருக்கிறேன். காணாமல்போன அந்த ஒரு கல்லைத் தவிர வேறு எந்தக் கல்லும் அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. ஜமாபந்தியிலும் யாரும் கேட்கவில்லை.

வெளியூரில் அரியலூர்க்காரன் என்று சொன்னால் இரண்டு விஷயம்தான் கேட்பார்கள். ஒன்று, 1956இல் மருதையாற்றில் நடந்த ரயில் விபத்து. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகியது அதனால்தான். இன்னொன்று சிமெண்ட். கடலைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், கிழக்கே எண்பது கிலோமீட்டருக்கு மேல் போனால் வரும் என்று கையைக் காட்டியிருப்பேன்.

ஒரு காலத்தில் இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டிக் கிடந்த ஒரே நிலம். அது பிளந்து இந்தியா தனியாகக் கழன்றபோது கிழக்கு ஓரத்தில் பள்ளங்கள் விழுந்தன. அதில் ஒன்றுதான் காவிரிப் படுகை. பதினோரு கோடி ஆண்டுகள் வாக்கில் கடல் அதற்குள் நுழைந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. இப்படிப் பல கோடி ஆண்டுகள் இங்கேயே குடித்தனம் நடத்திவிட்டு, கிழக்கே விலகிப் போனது. படிந்த அடுக்குகள் லேசாகக் கிழக்கு நோக்கிச் சரிந்திருப்பதால் மேற்கே போகப் போகப் பழசு, கிழக்கே வர வரப் புதுசு. மேற்கே காரையில் வண்டியைக் கிளப்பிக் கிழக்கே கல்லங்குறிச்சிக்கு வந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டைக் கடந்துவிடலாம். இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்தது பணியின் கடைசிக் காலத்தில். அதற்கு முன் அதே சாலையில் போன பயணங்களுக்குப் பயணப்படி வாங்கியதோடு சரி.

எனக்கு இந்தப் பித்து பிடித்தது 2020இல். குன்னம் பக்கம் ஏரியில் வண்டல் அள்ளும்போது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட, டைனோசர் முட்டை என்று செய்தி பறந்தது. வருவாய்த் துறை வாட்ஸாப் குழுவில் அதை முதலில் போட்ட பெருமை எனக்குத்தான். போட்டதோடு நிற்காமல், முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு நேரிலும் போய்விட்டேன். ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். இருந்ததிலேயே பெரிய உருண்டைக்குப் பக்கத்தில் மண்டியிட்டுப் படம் எடுத்துக்கொண்டேன். அடை காக்கும்போதே கடல் வந்துவிட்டதால் குஞ்சு பொரிக்க முடியாமல் போயிற்று என்று சுற்றி நின்ற பையன்களுக்கு விளக்கமும் கொடுத்தேன். அவர்களில் ஒருவன் அதை வீடியோ எடுத்தான். இன்றும் எங்கேயோ அது ஓடிக்கொண்டிருக்கும்.

புவியியல் அறிஞர்கள் வந்து பார்த்துவிட்டு, முட்டை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடலடிச் சேற்றில் செத்து விழுந்த சிப்பியோ, கணவாய்க்கு உறவான அம்மோனைட்டோ ஏதாவது ஒன்று அழுகும்போது அதைச் சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறும். தாதுக்கள் அந்தப் புள்ளியைச் சுற்றி அடுக்கடுக்காக இறுகும். சுற்றியுள்ள சேற்றைவிட அந்த உருண்டை கெட்டியாகிவிடும். கோடிக்கணக்கான ஆண்டு கழித்து மண் கரைந்து போனாலும் உருண்டை அப்படியே நிற்கும். முட்டை போலவே இருக்கும், உள்ளே மஞ்சள் கருவுக்குப் பதில் சுருண்ட ஓடு. இதைப் படித்ததும் எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் வந்தது. டைனோசர் முட்டை என்றால் கலெக்டர் வருகிறார், தொலைக்காட்சி வருகிறது. கடல் பிராணி என்றதும் கூட்டம் கலைந்துவிட்டது. நானும் கலைந்து போனவர்களில் ஒருவன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

சரி, இந்தக் கடல் பிராணியையாவது ஒழுங்காகப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். முதலில் புத்தகம். எங்கள் மண்ணின் கல்லை உலகுக்குச் சொன்னவர்களில் முதலில் வருகிற கே, கன்லிஃப் என்ற இருவரும் சென்னை மாகாண சிவில் சர்வீஸ் அதிகாரிகள். அதாவது என்னைப் போல அரசாங்கச் சம்பளக்காரர்கள், என்னைப் போல ஊர் ஊராகப் போனவர்கள். திருச்சி, விருத்தாசலம், புதுச்சேரி வட்டாரங்களில் அவர்கள் பொறுக்கியதை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டனில் விவரித்து வெளியிட்டார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்த நிலத்தை நடந்து நடந்து அளந்து, 1862இல் ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று அடுக்குகளுக்குப் பெயர் வைத்தார். அந்தப் பெயர்களைத்தான் உலகம் இன்றும் சொல்கிறது. அவருக்குப் பின் வந்த ஸ்டோலிச்கா என்ற மொராவியா நாட்டுக்காரர், இங்கிருந்து போன சிப்பிகளையும் நத்தைகளையும் அம்மோனைட்டுகளையும் தடித் தடியான தொகுதிகளில் ஒவ்வொன்றாக வருணித்துத் தீர்த்தார். ஊட்டத்தூர் என்ற பெயரை ஐரோப்பாவில் ஒருவன் வியப்போடு படித்துக்கொண்டிருந்த காலத்துக்கு நூற்றைம்பது வருஷம் கழித்து, அந்தப் பக்கத்துக்காரன் நான் அங்கே பஸ் மாறுவதற்கு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தை மூடிவிட்டுக் காரைக்குக் கிளம்பினேன். துணைக்கு எங்கள் தலையாரி. அவர் பணி ஓய்வு பெற்றது எனக்கு முன்பே. ஆனாலும் கூப்பிட்டால் வருவார். நான் தொப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடி, சுத்தியல், அளவு நாடா, பழைய செய்தித்தாள், குளுக்கோஸ் எல்லாம் எடுத்துக்கொண்டேன். அவர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் நடுவே இருக்கிற நிலத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மஞ்சளும் சாம்பலும் செம்பழுப்புமாகக் களிமண் மேடுகள். மழை கிழித்துக் கிழித்து ஆழமான ஓடைகள். புல் பூண்டு அதிகம் இல்லை. வெயிலில் தரை முழுக்க மினுமினுக்கும். அந்த மினுமினுப்பைக் கண்டதும் எனக்கு மூச்சு நின்றது. கண்ணாடி மாதிரி தகடு தகடாகப் பெயர்ந்து வந்தது. முத்துச்சிப்பியின் உள்பூச்சு, அதுவும் இவ்வளவு பத்திரமாக, என்று செய்தித்தாளில் சுற்றிச் சுற்றிப் பையை நிரப்பினேன். அது ஜிப்சம். அந்தக் களிமண் வெடிப்புகளில் நரம்பு நரம்பாக ஓடுகிறது. சிமெண்டுக்கும் உரத்துக்கும் வெட்டி எடுப்பார்கள். வீட்டுக்குப் போனபின் நகத்தால் கீறியதும் கோடு விழுந்தது. சிப்பி அவ்வளவு சுலபமாகக் கீறாது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும்.

ஓடைக்குள் நான் குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்தேன். தலையாரி பின்னால் நிமிர்ந்தபடியே வந்தார்.

"ஐயா, காலுக்கிட்ட பாருங்க."

"எங்க?"

"செருப்புக்குக் கீழ."

தூக்கிப் பார்த்தால், விரல் நீளத்தில் பழுப்பு நிறத்தில் உருண்டையாக ஒரு துண்டு. ஒரு முனை கூர், மறுமுனை முறிந்திருந்தது. பள்ளிக்கூடத்துப் பலப்பம் மாதிரியே இருந்ததால், ஆடு மேய்க்கிற பிள்ளைகள் போட்டுவிட்டுப் போனது என்று தள்ளிவிட்டேன். அவர் மறுபடி ஒன்றைக் கால் கட்டைவிரலால் நெம்பி எடுத்தார். பிறகு இன்னொன்று. சுற்றிலும் பார்த்தால் தரை முழுக்கக் கிடந்தன. கணவாய் இனத்தைச் சேர்ந்த பெலெம்னைட் என்ற பிராணியின் உடம்புக்குள் இருந்த கெட்டிப் பகுதி அது. வெளி உடம்பெல்லாம் அழிந்து உள்ளே இருந்த முனை மட்டும் கல்லாகியிருக்கிறது. முறிந்த முகத்தை நனைத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், நடுவிலிருந்து ஓரம் வரை மெல்லிய இழைகள் விரிந்து ஓடுவதும், அதற்குக் குறுக்கே வட்ட வட்டமாக வளர்ச்சிக் கோடுகள் இருப்பதும் தெரியும். இத்தனை பிள்ளைகள் ஏன் இத்தனை பலப்பத்தை இங்கே வந்து போடவேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போனதுதான் இன்றுவரை புரியவில்லை.

"சின்ன வயசுல இத வச்சித்தான்யா நாங்க கல்லாங்கா ஆடுவோம்" என்றார் தலையாரி. இதைச் சொல்ல இத்தனை வருஷமா என்று கேட்டேன். "நீங்க எல்லக்கல்லுதான கேட்டீங்க" என்றார்.

அவர் வீட்டுக்குப் போனபோதுதான் பெரிய சோதனை. வாசலில் கோழி கவிழ்த்த பஞ்சாரம். அதன்மேல் பாரத்துக்கு ஒரு கல். அந்தக் கல் சுருண்டிருந்தது. நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக அகன்று வந்து, ஒவ்வொரு சுற்றிலும் விலா எலும்பு மாதிரி மேடு பள்ளம். பெரிய தட்டு அகலம் இருக்கும். சாக்கு சாக்காகச் சுக்கான் பொறுக்கியவனுக்கு அம்மோனைட் இப்படித்தான் தரிசனம் தரவேண்டுமா? பரவசத்தில் இரண்டு கையாலும் தூக்கிவிட்டேன். பஞ்சாரம் சாய்ந்தது, கோழி தெருவுக்குப் போயிற்று, தெருநாய் பின்னால் போயிற்று. தலையாரி வீட்டம்மா விளக்குமாற்றோடு அதன் பின்னால் போனார்.

திரும்பி வந்ததும் கேட்டேன், இந்தக் கல்லைத் தரமுடியுமா என்று.

"அதக் குடுத்துட்டா பஞ்சாரத்துக்கு எத வைக்கிறதாம்?"

"வேற கல்லு வைங்கம்மா."

"வேற கல்லு ஒருளுதுங்க. இதான் படிஞ்சி ஒக்காருது."

அம்மோனைட்டின் தட்டையான வடிவம் நீரில் நீந்துவதற்குத் தோதானது என்று படித்திருக்கிறேன். பஞ்சாரத்தில் படிந்து உட்காருவதற்கும் தோதானது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. இரண்டு ஹாலோ பிளாக் கொண்டுவந்து கொடுத்துக் கல்லை வாங்கிப் போனேன்.

போன கையோடு அதைச் சுத்தம் பண்ணினேன். இந்த இடத்தைச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். தலையாரி எப்படியும் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கல்லின்மேல் பூச்சு உதிர்ந்த இடங்களில் வளைந்து நெளிந்து, இலை நரம்பு மாதிரிக் கிளைவிட்டுக் கறுப்பாகக் கோடுகள் இருந்தன. வேர் ஓடிய அழுக்கு என்று முடிவு செய்தேன். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். போகாத இடத்தில் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றினேன். அது நுரைத்தது. நுரைப்பதைப் பார்த்து, அழுக்கு வருகிறது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். சுண்ணாம்பில் ஆசிட் பட்டால் நுரைக்கும், நுரைப்பது அழுக்கல்ல, கல்லே என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கோடுகள்தான் அம்மோனைட்டின் அடையாளம். ஓட்டுக்குள் அது அறை அறையாகச் சுவர் எழுப்பிக்கொண்டே வளரும். கடைசி அறையில் தான் குடியிருக்கும், பின்னறைகளை மிதப்பதற்கு வைத்துக்கொள்ளும். அந்தச் சுவர்கள் ஓட்டோடு சேரும் பொருத்துக்கோடு இனத்துக்கு இனம் மாறும். நிபுணர்கள் அதைப் பார்த்துத்தான் இன்னாரென்று பெயர் சொல்வார்கள். ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து அழிந்துபோன ஒரு குலத்தின் கையெழுத்து அது. பத்து ரூபாய் பிரஷ்ஷில் முடித்துவிட்டேன்.

வழவழவென்று ஆன கல்லைத் தலையாரி வீட்டம்மா பார்த்தார். "இதுக்காய்யா எங்கூட்டுக் கல்லத் தூக்கிட்டுப் போனீங்க?" என்றார்.

அந்தத் தோல்வியை மறைக்க ஊரில் கொஞ்ச காலம் உபன்யாசம் செய்தேன். பக்கத்து வீட்டில் ஒரு வைணவப் பெரியவர். பூஜையில் சாளக்கிராமம் வைத்திருப்பவர். நேபாளத்தில் முக்திநாத் பக்கம் கண்டகி நதியில் வருவது. கரும் உருண்டைக்குள் சக்கரம் தெரிகிற அந்தக் கல், ஜுராசிக் காலத்து அம்மோனைட். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கேயும் கடல் கிடந்தது. இதை நான் அவரிடம் போய், பெருமாள் என்று நீங்கள் திருமஞ்சனம் செய்வது கணவாய்க்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அவர் கோபப்படவில்லை. "மீனா வந்தார், ஆமையா வந்தார். கணவாயா வரப்படாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்றார். பிறகு, "உம்ம அரியலூர்க் கல்லுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். ஏழு கோடியிலிருந்து பத்து கோடிக்கு மேல் வரை என்றேன். "எங்காத்துப் பெருமாள்?" பதினைந்து கோடிக்குப் பக்கம் என்றேன். "அப்ப நாங்கதான் மூத்தவா" என்று சொல்லி உள்ளே போய் ஒரு தொன்னை புளியோதரை கொண்டுவந்து கொடுத்தார். தர்க்கத்தில் தோற்றுப் பிரசாதம் வாங்கித் தின்றது எனக்கு அதுவே முதல் தடவை.

சிமெண்ட் சமாசாரத்துக்கு வருகிறேன். கல்லங்குறிச்சி என்றால் எங்கள் பக்கத்தில் கலியுக வரதராசப் பெருமாள். குழந்தையிலிருந்து அந்தக் கோயிலுக்குப் போய்வருகிறேன். அதே ஊர்ப் பெயரைத்தான் ஏழு கோடி ஆண்டுப் பழைய சுண்ணாம்புக்கல் அடுக்குக்கும் வைத்திருக்கிறார்கள். தடித்த ஓட்டுச் சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் கிடக்கிற அடுக்கு அது. வெட்டி எடுத்து உடைத்து, பொடியாக்கி, 1450 டிகிரி வரை சூடேற்றினால் கிளிங்கர். அதோடு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். மேற்கே கல்லக்குடியில் இன்னும் பழைய கடலின் பவளப்பாறைச் சுண்ணாம்பு. அங்கே வந்த ஆலையின் முதலாளி பெயர் ஊருக்கு ஆகி, ஊர்ப் பெயரைத் திருப்பித் தரச் சொல்லி 1953இல் கருணாநிதி தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தார். தமிழ்நாட்டு அரசியலில் பவளப்பூச்சிகளுக்கும் ஒரு மூலையில் பங்கு உண்டு என்று நான் சொன்னால் கட்சிக்காரர்கள் அடிக்க வருகிறார்கள்.

ஒரு டன் கிளிங்கருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். என் வீட்டுக்கு நானூறு மூட்டை சிமெண்ட் இறங்கியது. சாம்பல் கலப்பைத் தள்ளிக் கணக்குப் போட்டாலும் இருபது டன் கடல் என் சுவரிலும் கூரையிலும் இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு கைப்பிடிச் சிப்பிக்காக நான் ஓடை ஓடையாக அலைந்தேன். சுரங்கப் பக்கம் போய்ப் பார்க்கலாமென்று ஒருநாள் போனேன். வாசலில் காவலாளி நிறுத்தி, அனுமதிக் கடிதம் கேட்டார். வி.ஏ.ஓ. என்றேன். "எந்த ஊரு?" என்றார். ஓய்வு பெற்றவன் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவர் செய்தது சரி. அனுமதியில்லாமல் வெட்டுக்குழிக்குள் இறங்குகிறவனை விடுவது உயிருக்கு ஆபத்து. ஆனால் உள்ளே நாள் முழுக்க லாரியில் போகிற சிப்பிக்கு யாரும் கடிதம் கேட்பதில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. வெட்டாமல் இருக்க முடியாது, நானே வீடு கட்டியிருக்கிறேன். வெட்டுகிற முகத்தில் மாதத்துக்கு ஒருநாள் விவரம் தெரிந்தவர் ஒருவரை நிறுத்தி, நல்லதாக வருவதை ஒதுக்கச் சொன்னால் எந்த ஆலையும் நஷ்டப்பட்டுவிடாது.

அந்தக் காவலாளியிடமிருந்து திரும்பிய மனத்தாங்கலோடு கருடமங்கலம் பக்கம் இருக்கிற மாமனார் வீட்டுக்குப் போனேன். திண்ணைப் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். மாமியார் மோர் கொண்டுவந்தார்.

"என்னங்க மாப்ள, மூஞ்சி வாடிக் கெடக்கு?"

சிப்பிக் கல் பார்க்கப் போய் விடவில்லை என்றேன். அவர் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். "நீங்க ஒக்காந்திருக்கிறதே அதுதான" என்றார்.

கருடமங்கலத்துச் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லை வெள்ளைக்காரர்கள் திருச்சினாப்பள்ளி மார்பிள் என்று பெயர் சொல்லி, மெருகேற்றி, அலங்காரப் பொருள் செய்தார்கள். மாமனார் வீட்டில் அது படி. கல்யாணமான நாளிலிருந்து நான் மிதித்த படி. கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து மெருகேறிய நடுப்பகுதியில் மோர் ஒரு சொட்டு சிந்தியதும், சாம்பல் நிறத்துக்குள் வெள்ளை வெள்ளையாக ஓடுகளின் குறுக்குவெட்டு எழும்பியது: பிறை பிறையாக இரட்டைச் சிப்பிகள், நடுவில் திருகாணியாக முறுக்கிய ஒரு நத்தை, அதன் உள்ளறைகள் படிகம் கட்டி. விரல் வைக்க இடமில்லாமல் இருந்தது. "பாத்துத் தொடைச்சிடுங்க, எறும்பு வரும்" என்று சொல்லிவிட்டு மாமியார் உள்ளே போனார்.

என்னை நானே தேற்றிக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறேன்: விவரம் தெரிந்தவர்களே தடுமாறிய கதையை நினைத்துக்கொள்வது. கல்லமேட்டில் ஒரு ராட்சத விலங்கின் எலும்புகள் கிடைத்தன. புருகத்காயோசரஸ் என்று பெயர் வைத்தார்கள். முதலில் புலால் உண்ணும் டைனோசர் என்றார்கள். பிறகு வந்தவர்கள் தழை தின்னும் நீள்கழுத்து வகை என்றார்கள். எலும்பே இல்லை, கல்லான மரமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. தீர்த்துச் சொல்லலாமென்றால் எலும்பு பொடியாகிப் போய்விட்டது. சாத்தனூரில் மட்டும் தகராறில்லை. 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது மரம், எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் பார்த்துச் சொன்னது. அங்கேயும் உறவினர்களைக் கூட்டிப்போய், இது முளைத்த இடத்திலேயே கல்லானது என்று விளக்கினேன். அது ஆற்றோடு வந்து கடலில் மூழ்கிச் சேற்றில் புதைந்தது என்று, நான் சாய்ந்து நின்ற பலகையிலேயே எழுதியிருந்ததாம். என் மச்சினன் படித்துக் காட்டினான்.

இப்போது வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து புவியியல் பிள்ளைகள் காரைக்கு வந்தால், வழி தெரிந்த ஆள் என்று தலையாரியைத்தான் தேடுகிறார்கள். எதையும் எடுக்கவேண்டாம், படம் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே வையுங்கள், நல்லது கிடைத்தால் வாரணவாசி அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள் என்று அவரே அவர்களுக்கு விதி போடுகிறார். அவர் முன்னால் நடக்க, பிள்ளைகள் பின்னால் நடக்க, குடிதண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு நான் கடைசியில் நடப்பது வழக்கம். போன தடவை ஒரு பெண் என்னைக் காட்டி, "சார் யாருங்க?" என்று அவரிடம் கேட்டது.

தலையாரி திரும்பிப் பார்த்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "எங்க ஐயா. வண்டி நல்லா ஓட்டுவாங்க."